ஜெபகுமாரி வாட்டம்

எங்கள் ஊரில் வாழைக்கு வரும் ஒரு வியாதிக்கு ஒரு பெண்ணின் பெயரை வைத்திருக்கிறார்கள். அடியிலை மஞ்சளித்து, காம்பு ஒடிந்து, வாழையைச் சுற்றிப் பாவாடை மாதிரித் தொங்கினால், பார்க்கிறவர் யாரும் வாடல் நோய் என்று சொல்வதில்லை. "ஜெபகுமாரி வாட்டம் வந்துட்டுல்லா" என்கிறார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள், உரக்கடையில் சொல்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் சொல்கின்றன. அந்த வியாதியை ஊருக்குள் விடாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்திய ஒரே ஆள் ஜெபகுமாரிதான். அவள் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலை வரை சூடேறுகிறது.

நான் தாணு. மைக் செட் வைத்திருக்கிறேன். அம்மன் கோவில் கொடையானாலும், அய்யாவழிக்காரர்களின் நிழல்தாங்கலில் திருவிழாவானாலும், சபையில் அறுப்புப் பண்டிகையானாலும் நெய்யூர் சுற்றுவட்டாரத்தில் என் குழாயைத்தான் கட்டுவார்கள். எனக்கு எந்தச் சபையிலும் உறுப்பினர் சீட்டு கிடையாது. ஆனால் அந்தப் பெயர் முளைத்த அன்று நடந்ததை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டவன் நான். இதில் யாரும் எனக்குக் கதைவிட வேண்டாம்.

ஜெபகுமாரி சின்ன வயதில் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்தவள். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்நுனி இன்றும் முழுதாக வெளுக்கவில்லை. கல்யாணமாகி, கணவர் செல்வதாஸ் மஸ்கட்டுக்குக் கொத்தனார் வேலைக்குப் போன பிறகு, இவள் வாழையிலை வியாபாரத்தில் இறங்கினாள். ஊர்க்காரர்களின் தோட்டங்களில் இலை வெட்டி, கட்டுக் கட்டி, ஸ்கூட்டியில் வைத்துக் கல்யாண மண்டபங்களுக்கும் ஓட்டல்களுக்கும் கொண்டு போடுவாள். குணத்தில் தங்கம் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. வாய் நீளம். பேரத்தில் விட்டுக்கொடுக்க மாட்டாள். சன்னமான குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. மண்டபத்தில் குழம்பு வாளி தூக்குகிறவன் இலையை மிதித்துவிட்டால், மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே அவனை நாறடித்துவிடுவாள்.

வாடல் நோயை அவள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரு காலத்தில் நிலம் ஒன்றைப் பாட்டத்துக்கு எடுத்து முழுக்க ரசகதலி வாழை வைத்தாள். குலை தள்ளும் பருவத்தில் ஒவ்வொரு மூடாக மஞ்சளித்துச் சரிந்தது. சரி என்று பிடுங்கிப் போட்டுவிட்டு அதே மண்ணில் ஏத்தன், அதாவது நேந்திரன் வாழை, வைத்தாள். ஏத்தன் யானைக்கால் தடிமனில் எழுந்து நின்றது. வியாதி போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், இவளும் நம்பினாள். மறுபடி ரசகதலி வைத்தாள். மறுபடி எல்லாம் செத்தது.

அதற்குப் பிறகுதான் நாகர்கோவிலில் விவசாயத்துறை நடத்திய பயிற்சி ஒன்றுக்குப் போனாள். அங்கே பாடம் எடுத்த மேடத்தை மதியச் சோறு தின்ன விடாமல் கேள்வி கேட்டிருக்கிறாள். அந்த அம்மாளும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மறுநாள் ஒரு மண்டபத்தில் நான் குழாய் கட்டிக்கொண்டிருந்தபோது, இலைக்கட்டை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"தாணு அண்ணே, அந்தப் பூஞ்சை மண்ணுக்குள்ள கெடக்கும் கேட்டியளா. வேரு வழியா உள்ள வரும். தண்ணி போற குழல் இருக்குல்லா, அதுக்குள்ள நொழஞ்சு மேல மேல ஏறும். ஏத்தனுக்க வேருல அது காலு வச்ச ஒடனே ஏத்தன் அந்தக் குழலைப் பிசின் வச்சு அடைச்சிரும். உள்ள வந்தவன் அங்கனயே கெடக்க வேண்டியதுதான்."

"ரசகதலிக்கு அடைக்கத் தெரியாதா பிள்ளே?"

"தெரியும். அதுதான் வயித்தெரிச்சல். அதும் அடைக்கும், ஆனா பிந்திப்போவும். அது அடைக்கதுக்குள்ள அவன் மேல போயாச்சு. பெறவு பயந்துபோயி கண்ட எடமெல்லாம் அடைக்கும். இலைக்குத் தண்ணி போவாது. மழை கொட்டிட்டுக் கெடக்கும், வாழை தாகத்துல சாவும்."

எனக்கு அது வயரில் நடக்கிற காரியம் மாதிரிப் பட்டது. ஃப்யூஸ் சரியான இடத்தில் எரிந்தால் ஒரு பல்பு போகும். பிந்தி எரிந்தால் செட்டே போகும். அதைச் சொன்னேன். "அதேதான்" என்றாள். "ஏத்தன் பச்சையா நிக்குன்னு சொல்லி மண்ணு நல்ல மண்ணுன்னு நெனைக்கப்பிடாது. ஏத்தனுக்கு ஒண்ணும் ஏறல்ல, அவ்வளவுதான். பூஞ்சை அங்கனதான் கெடக்கும். நம்ம காலம் முடிஞ்சாலும் கெடக்கும்."

செல்வதாஸ் அனுப்பியதை மிச்சம் பிடித்து அவள் ஓடைக்கரையில் ஒரு விளை வாங்கினாள். எங்கள் பக்கத்தில் மேட்டு நிலத் தோட்டத்தை விளை என்போம். இதுவரை வாழையே வைக்காத மண். அதில் ரசகதலி வைத்தாள். வேலியோரம் மட்டும் ஏத்தன். நுழைகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து வைத்து, உள்ளே போகிறவர்கள் யாராக இருந்தாலும் காலை முக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். வேறு விளையில் இலை வெட்டிய கத்தியையும் அதில் கழுவாமல் உள்ளே கொண்டுபோக மாட்டாள். ஊர் சிரித்தது. "ஜெபகுமாரிக்க விளையில ஞானஸ்நானம் எடுத்தாத்தான் உள்ள விடுவா" என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலி அவளுக்குப் பிடித்தும் இருந்தது என்று நினைக்கிறேன். ரசகதலி வெட்டுகிற நாளில் முதல் சீப்பை ஸ்கூட்டியில் முன்னால் வைத்துக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்கிற மாதிரி மெதுவாக ஓட்டுவாள்.

இனி, அந்த அறுப்புப் பண்டிகை.

அன்று அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம். தேங்காய், சேனை, சேவல், பலாப்பழம், வீட்டில் சுட்ட கேக் எல்லாம் வரும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு வழக்கம் அதில் உண்டு. ஏலம் எடுத்தவர் பொருளை எடுத்துப் போகாமல் மேசையிலேயே விட்டுவிட்டால், அதைச் சபைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். அவர் பெயரை மைக்கில் சொல்லி, அதே பொருளை மறுபடி ஏலம் விடுவார்கள். ஒரே பூசணிக்காய் நாலு பேர் பெயரில் ஏலம் போனதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல வழக்கம்தான். அன்று மட்டும் அது நாசமாகப் போனது.

அந்த வருஷம் கமிட்டிச் செயலாளர் ஏசுஅடிமை ஒரு கட்டு ரசகதலிக் கன்று கொண்டுவந்து வைத்தார். ஈட்டி போன்ற இலையோடு, வேரில் ஈரமண் அப்பி, பார்க்க ராஜா மாதிரி இருந்தன. ஜெபகுமாரி அவற்றைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. முந்தின மாதம்தான் அவர் தோட்டத்தில் இலை வெட்டப் போய், ஏத்தனுக்கு நடுவே நின்ற ரசகதலியில் அடியிலை மஞ்சளித்துத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, வெட்டாமலே திரும்பி வந்திருந்தாள். நேரே மேசைக்குப் போனாள். ஒரு கன்றை எடுத்தாள். கிழங்கின் அடியைக் கத்தியால் மெலிதாகச் சீவினாள். வெள்ளைச் சதைக்குள் செம்பழுப்பாகப் புள்ளிகள்.

"அண்ணே, உள்ள கறை இருக்கு பாத்தியளா. இதை ஏலம் விடப்பிடாது" என்றாள்.

அவள் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது இல்லை. எங்கள் ஊரில் வாழையில் ஒழுகும் பாலுக்கும் கறை என்றுதான் பெயர். வேட்டியில் பட்டால் போகவே போகாது. ஏசுஅடிமை வாய்விட்டுச் சிரித்தார். "கறை இல்லாத வாழை உண்டா ஜெபகுமாரி?" என்றார். பந்தலே சிரித்தது.

"வாழைக்கறை வெட்டின ஒடனே கறுக்குமா அண்ணே? இப்பதானே சீவினேன்! இது வியாதி. உங்க விளையில இருக்கு. ஏத்தன் நிக்கதுனால உங்களுக்குத் தெரியல்ல."

அவ்வளவுதான். செயலாளர் முகம் சுருங்கியது. "காணிக்கையைக் குறை சொல்லப்பிடாது. இது எனக்குச் சொல்லுதது இல்ல, ஆண்டவருக்குச் சொல்லுதது" என்றார். அருகில் நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். இந்த உச்சுக்கொட்டல் இருக்கிறதே, அதற்கு ஒரு பூஞ்சையின் வேகம் உண்டு. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், குனிந்து அந்தக் கிழங்கைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஏலம் தொடங்கியது. ஏலம் கூறுகிறவர் கிருஷ்ணமணி சார், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். கன்றுக் கட்டு மேசைக்கு வந்ததும் ஜெபகுமாரி கேட்டாள். யார் கேட்டாலும் அதற்கு மேலே கேட்டாள். விடவே இல்லை. செல்வதாஸ் வெயிலில் கல் அடுக்கிச் சம்பாதித்ததை, எரிப்பதற்காக வாங்கும் கன்றுக்குக் கொட்டினாள். பந்தலில் இருந்தவர்கள் அவள் மனம் திருந்திவிட்டாள் என்று நினைத்தார்கள். கை தட்டினார்கள். கட்டு அவளுக்கே விழுந்தது. போகும் வழியில் என் காதருகே குனிந்து, "கொண்டுபோயி சுடப்போறேன் அண்ணே" என்றாள்.

ஸ்கூட்டியில் அப்படியே தூக்கி வைத்துப் போயிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் வேரில் இருந்த மண் வழியெல்லாம் உதிரும், உதிர்கிற மண்ணும் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். பொதிந்துகொண்டு போகத் தார்ப்பாய் எடுத்து வர வீட்டுக்குப் போனாள்.

கட்டு மேசையில் இருந்தது. கிருஷ்ணமணி சார் அதைப் பார்த்தார். "சகோதரி ஜெபகுமாரி குடும்பத்தார் இந்தக் கன்றுகளைச் சபைக்கே திருப்பித் தந்திருக்கிறார்கள். கர்த்தர் அவர்களை ஆசீர்வதிப்பாராக" என்று என் மைக்கில் முழங்கினார். ஊர் முழுக்கக் கேட்டது. நான் எழுந்து ஓடினேன். "சாரே, அது திருப்பித் தந்ததில்ல, தார்ப்பாய் எடுக்கப் போயிருக்கு" என்றேன். "நீ உன் வேலையைப் பாரு தாணு, குழாய் இரையுது" என்றார் ஏசுஅடிமை. நான் சபைக்காரன் இல்லையே, கூலிக்கு வந்தவன்.

அதற்குள் கட்டை அவிழ்த்து ஒன்றொன்றாக விற்றாயிற்று. ஜெபகுமாரி தார்ப்பாயோடு வந்தபோது மேசையில் கொஞ்சம் மண்தான் கிடந்தது. "எனக்க கன்னு எங்க?" என்று அவள் கேட்ட குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை போனது. அந்த மண்ணைக் கையால் வழித்துத் தார்ப்பாயில் போட்டுக்கொண்டே அழுதாள்.

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போனாள். வாங்கின விலையைத் தருகிறேன், அதற்கு மேலும் தருகிறேன், கன்றைக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். ஒருவரும் கொடுக்கவில்லை. ஆலயத்திலிருந்து வந்த கன்று என்று கிணற்றடியிலும் வாசலிலும் நல்ல இடமாகப் பார்த்து வைத்துவிட்டார்கள். அவளுக்கு விளையில் அடுத்த வேலிக்காரி பிந்து. அவளிடம் கையெடுத்துக் கும்பிட்டாளாம். பிந்து, "கொடுத்ததைத் திருப்பிக் கேக்கது நல்லதில்ல அக்கா" என்று புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறாள். அந்தக் கன்றை மேட்டில், வேலியை ஒட்டி வைத்தாள் பிந்து. அவள் நிலத்துத் தண்ணீர் வடிவது ஜெபகுமாரியின் விளைக்குள்.

அடுத்த வருஷத்துக்குள் ஊரில் பாதி ரசகதலி போயிற்று. கிணற்றடியில் வைத்தவர்களுக்குக் கழுவுகிற தண்ணீரோடு எல்லாப் பாத்திக்கும் போனது. கத்தியிலும் மண்வெட்டியிலும் மாட்டுக் குளம்பிலும் ஏறி, ஏலம் எடுக்காதவர்கள் தோட்டத்துக்கும் போனது. எங்கிருந்து வந்தது என்று பேச்சு வந்தபோது, எல்லோருக்கும் மைக்கில் கேட்ட பெயர்தான் ஞாபகம் இருந்தது. சகோதரி ஜெபகுமாரி குடும்பத்தார் தந்த கன்று. ஜெபகுமாரி கன்று. ஜெபகுமாரி வாட்டம்.

அவள் கமிட்டிக்குப் போய் நியாயம் கேட்டாள். ஏசுஅடிமை என்ன சொன்னார் தெரியுமா? "எனக்க கன்னை நீதானே வாங்கின? பெறவு உனக்க கையிலேருந்துதானே சபைக்கு வந்தது?" இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு எப்படி வாய் வருகிறது? அவர் வேண்டுமென்று வியாதிக் கன்றைத் தரவில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். இருந்ததில் நல்லதைத்தான் பொறுக்கி வைத்தார். ஆனால் தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு, ஒரு பெண்ணின் தலையில் அதைக் கட்டி வைத்தாரே, அது வேண்டுமென்று செய்ததுதான். கடைசியில் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. இனிமேல் ஏலத்தில் வாழைக்கன்று வைக்கக்கூடாதாம். ஊரெல்லாம் ஏறி முடிந்த பிறகு அடைக்கிறார்கள். ரசகதலிகூட இவர்களைவிடச் சுறுசுறுப்பு.

அந்த மழைக்காலம் முடிந்ததும் ஜெபகுமாரியின் விளையில், பிந்துவின் வேலியை ஒட்டிய வரிசையில் முதல் மூடு மஞ்சளித்தது. அவள் அதைச் சுற்றி நின்றவற்றையும் சேர்த்து வெட்டி, நின்ற இடத்திலேயே எரித்தாள். சுண்ணாம்பு போட்டாள். அடுத்த வரிசை மஞ்சளித்தது. என்னைக் கூப்பிட்டாள், போனேன். பழக்கதோஷத்தில் தொட்டியில் காலை முக்கப் போனேன். "வேண்டாம் அண்ணே, இனி எதுக்கு" என்றாள். தொட்டியை எட்டி உதைத்துக் கவிழ்த்தாள். வேலியோரத்து ஏத்தன் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது.

அன்று அவள் அழவில்லை. "விளை போனது போவட்டும். ஏத்தன் வச்சுப் பொழைச்சுக்கிடுவேன். எனக்க பேரை எதுக்கு அண்ணே அதுக்கு வச்சானுவ? எனக்க மக நாளைக்கு கல்யாணம் முடிச்சுப் போற வீட்டுலயும் இதைச் சொல்லமாட்டானுவளா?" என்றாள்.

இந்த வருஷ அறுப்புப் பண்டிகைக்கு அவள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தாள். பிரியாணி கட்டிக் கொடுக்கிற, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பெரிய டப்பா. மூடியைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டியிருந்தாள். உள்ளே அவள் விளை ரசகதலியின் தண்டு, குறுக்கே வெட்டியது. வெள்ளைக்குள் வட்டம் வட்டமாகச் செம்பழுப்பு. அதைப் பூசணிக்காய்க்கும் கேக்குக்கும் நடுவில் வைத்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

மேசைக்கு வந்த எதையும் ஏலம் விடாமல் தள்ளும் வழக்கம் இல்லை. கிருஷ்ணமணி சார் டப்பாவைக் கையில் எடுத்தார். உள்ளே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "சகோதரி ஜெபகுமாரி குடும்பத்தார்..." என்று தொடங்கினார்.

அவள் எழுந்தாள். "சாரே, யாருக்க காணிக்கைன்னு சரியாச் சொல்லணும். அன்னைக்கு நான் திருப்பித் தந்தேன்னு சொன்னியளே. நான் தந்தேனா?"

நான் மெதுவாக வால்யூமைக் கூட்டினேன். அது என் கையில்தானே இருக்கிறது.

கிருஷ்ணமணி சார் வயதானவர். அன்று தப்பு நடந்தது அவர் வாயால் என்று அவருக்கும் தெரியும். ஏசுஅடிமை பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "தரல்ல" என்றார். மைக்கில் அது நன்றாகக் கேட்டது. "அன்னைக்கு அந்தக் கன்னு, செயலாளர் ஏசுஅடிமை குடும்பத்தார் காணிக்கை. நான் தப்பாச் சொல்லிப்போட்டேன். இதும் அதுலேருந்து வந்ததுதான். ஏலம் கேக்கவங்க கேக்கலாம்."

ஒருவரும் கேட்கவில்லை. பூசணிக்காய்க்குப் போட்டி போடுகிற கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. நான் கேட்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் ஏசுஅடிமை கையைத் தூக்கினார். இதை எப்படியாவது முடித்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். காசை வைத்தார். டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டு, பெரிய மனுஷனாகத் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

"ஏசுஅடிமை அண்ணே" என்றாள் ஜெபகுமாரி. அன்றுதான் முதல் தடவையாக அவள் சன்னமாகப் பேசி நான் கேட்டேன். "திருப்பித் தரப்பிடாது. வீட்டுக்குக் கொண்டு போங்க."

அவர் திரும்பி வந்து டப்பாவை எடுத்தார். பந்தலின் நடுவே, இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்க, அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். உள்ளே இருக்கிற பழுப்பு எல்லோருக்கும் தெரிந்தது.

மறுவாரம் டீக்கடையில் ஒருவன் புதுப் பெயரைச் சொன்னான், ஏசுஅடிமை வாட்டம் என்று. இலைக்கட்டு இறக்க வந்த ஜெபகுமாரி காதில் அது விழுந்தது. "எந்த மனுஷனுக்க பேரையும் அதுக்கு வைக்கப்பிடாது. வாடல் நோய்னு சொல்லும்வே" என்று அவனைப் பிடித்துக் கத்தினாள்.

அவளுக்கு இருக்கிற பெருந்தன்மை எனக்குக் கிடையாது. என் வாயில் அது ஏசுஅடிமை வாட்டம்தான்.